ஆண் வண்டியா, பெண் வண்டியா?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

விஞ்ஞானம் வளர வளர மனிதனின் கால்களுக்கு ஓய்வு கிடைத்துவிட்டது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பெண்களின் கால்களுக்கு அந்த ஓய்வு மிகத் தாமதமாகத்தான் கிடைத்தது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். அதற்குக் காரணம், வண்டி செய்தவர்கள் சேலையை மறந்துபோனதுதான்.

எல்லோரும் மறந்தார்கள் என்று சொல்லமாட்டேன். 1946-ஆம் ஆண்டு இத்தாலியில் வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்தவர் கொராதினோ தஸ்கானியோ. அவர் ஹெலிகாப்டர் செய்த பொறியாளர். மோட்டார் சைக்கிள் என்றாலே அவருக்குப் பிடிக்காதாம். எஞ்சினைப் பின்னால் தள்ளி, முன்னால் கால் வைக்கத் திறந்த தளம் ஒன்றை அமைத்தார். பாவாடை கட்டியவரும் காலைத் தூக்கிப் போடாமல் ஏறி அமர அது வழிசெய்தது. நம் நாட்டில் 1984-இல் வந்த கைனடிக் ஹோண்டாவும், ஓசூரிலிருந்து 1994-இல் வந்த ஸ்கூட்டியும் அந்தத் தளத்தைக் காப்பாற்றின. நம் தாய்மார்களில் பலர் வண்டி பழகியதே அந்தத் தளத்தின் புண்ணியத்தால்தான்.

இப்போது 'மாக்சி ஸ்கூட்டர்' என்று ஒரு புது இனம் வந்திருக்கிறது. அகன்ற முகம், காற்றைத் தடுக்கும் கண்ணாடி, படிபோல் இரண்டு தட்டாக அமைந்த பெரிய இருக்கை, காலை நீட்டி வைக்க இடம். ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் இது பழைய சமாச்சாரம். சுசூகி நிறுவனத்தின் பர்க்மன் 400 அங்கே 1998-லேயே ஓடியது. அதன் எடை 200 கிலோவுக்கும் மேல். அதன் தம்பிபோல 125 சிசி எஞ்சினுடன் பர்க்மன் ஸ்ட்ரீட் 2018-இல் நம் நாட்டுக்கு வந்தது. தம்பியின் எடை ஏறக்குறைய 110 கிலோதான்.

இந்த வண்டியைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று தோழியர் கேட்கலாம். எங்கள் வீட்டில் ஒன்று நிற்கிறது. அதை வாங்கிய கதையைத்தான் சொல்ல வந்தேன்.

என் அம்மா செவிலியர். பாளையங்கோட்டையிலிருந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டித் திருநெல்வேலி டவுனுக்கு வேலைக்குப் போகிறார்கள். இரவுப் பணி முடிந்து வரும் நேரத்துக்குப் பேருந்தை நம்ப முடியாது. இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி அடைமழையில், தண்ணீர் மூடிய பள்ளம் ஒன்றில் பழைய ஸ்கூட்டரோடு விழுந்துவிட்டார்கள். இடது மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் வீட்டில் சோறு வடித்தது அப்பாவும் நானும். (பாதி நாள் குழைந்த சோறு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.)

சீட்டுப் பணம் கைக்கு வந்ததும், "இந்த முறை சக்கரம் பெரிதாக உள்ள வண்டிதான்" என்று அம்மா சொல்லிவிட்டார்கள். பர்க்மன் ஸ்ட்ரீட்டைப் பற்றி ஆரம்பத்திலிருந்தே ஒரு குறை உண்டு. முன் சக்கரம் 12 அங்குலம், பின் சக்கரம் 10 அங்குலம். முன்னாலிருந்து பார்த்தால் யானை, பின்னாலிருந்து பார்த்தால் முயல்! 2022 டிசம்பரில் வந்த 'ஈஎக்ஸ்' என்ற மாற்றியமைத்த வண்டியில் பின் சக்கரமும் 12 அங்குலமாயிற்று.

நான் டயரில் அச்சிட்ட எண்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100/80-12 என்றால் டயரின் அகலம் 100 மில்லிமீட்டர், உயரம் அதில் 80 சதவீதம். பழைய சக்கரத்தின் எண் 90/100-10. டயரோடு சேர்த்து அளந்தால் இரண்டு சக்கரங்களின் விட்டத்துக்கும் வித்தியாசம் சுமார் 3 சென்டிமீட்டர்தான். விளம்பரம் சொல்லும் அளவு பெரிய மாற்றம் இல்லை. ஆனாலும் பள்ளத்தில் பின்பக்கம் 'தடால்' என்று விழுவது குறைந்திருக்கிறது என்கிறார்கள் அம்மா. முதுகு அவர்களுடையது; கணக்கு மட்டும்தான் என்னுடையது.

கடையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். விற்பனை செய்த அண்ணன் அப்பாவைப் பார்த்தே பேசினார். "சார், நீங்க தினம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க?" அப்பா சிரித்துவிட்டு, "தம்பி, எனக்கு லைசென்சே கிடையாது. ஓட்டுறது அவங்க. அவங்ககிட்டயே கேளுங்க" என்றார். அந்த அண்ணன் உடனே அம்மா பக்கம் திரும்பி, சிறிய வண்டி ஒன்றைக் காட்டி, "மேடம், லேடீஸுக்கு இதுதான் செட் ஆகும்" என்றார்! வீட்டுக்கு வந்தால் ஆச்சியும் அதையே சொன்னார்கள்: "ஆம்பள வண்டியால்லா இருக்கு!"

ஒரு வண்டி யாருக்கு உகந்தது என்பதை அதன் பருமனை வைத்து முடிவுசெய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கால் வைக்கும் தளத்தைப் பார்க்க வேண்டும். 2021-இல் இங்கு வந்த யமஹா ஏராக்ஸ் 155-இல் நடுவே முதுகுபோல் ஒரு மேடு இருக்கிறது. பெட்ரோல் தொட்டி அதற்குள்தான். வேகத்தில் வண்டி உறுதியாக நிற்க அந்த மேடு உதவும் என்பது உண்மைதான். ஆனால் சேலை கட்டியவர் அதில் எப்படி ஏறுவார்? அங்கி அணிந்த நம் அருட்சகோதரிகள் நோயாளிகளைப் பார்க்க எப்படிப் போவார்கள்? பர்க்மனில் தளம் தட்டையாகவே இருக்கிறது. அரிசி மூட்டையும் வைக்கலாம், சேலையோடும் ஏறலாம். அம்மா அதை வாங்கிய காரணங்களில் பாதி இதுதான்.

குறைகளையும் மறைக்கக்கூடாது. இருக்கையின் உயரம் 780 மில்லிமீட்டர். அகலமும் அதிகமாக இருப்பதால் ஐந்தடி உயரமுள்ள அம்மாவுக்கு சிக்னலில் கால்விரல்தான் தரையில் படுகிறது. முதல் வாரம் வண்டியைச் சாய்த்தே நிறுத்தினார்கள். மருத்துவமனைக் கொட்டகையில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே நுழைக்கத் தனியாக ஒரு சாமர்த்தியம் வேண்டும். பார்வைக்குப் பெரிதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் வாங்குகிறவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

சென்ற தவக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, நானும் அம்மாவும் உவரி அந்தோணியார் கோயிலுக்கு இதிலேயே போனோம். மூலைக்கரைப்பட்டி, திசையன்விளை வழியாக ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல். இருவருக்கும் தலைக்கவசம், பின்னால் உட்காருபவருக்கும் அது சட்டப்படி கட்டாயம். மல்லிகைப்பூ நசுங்கும் என்று கவசத்தைக் கையில் பிடித்து வரும் தோழியர் கவனிக்க. வழியில் நாங்கள் இளநீர் குடித்தபோது, "துணைக்கு யாரும் வரலையாம்மா?" என்று கடைக்காரப் பெரியவர் கேட்டார். "மக வந்திருக்காளே" என்றார்கள் அம்மா. அன்று முழுவதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான் ஓட்ட இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. 16 வயதில் உரிமம் தருவது 50 சிசி வரையுள்ள கியர் இல்லாத வண்டிக்குத்தான். அதற்கு முன் தெருவில் ஓட்டினால் பெற்றோருக்கே தண்டனை உண்டு என்று 2019-இல் சட்டம் திருத்தினார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியைக் கழுவுவது மட்டுமே என் உத்தியோகம்.

ஒரே ஒரு மனக்குறை. பின் இருக்கை படிபோல் உயர்ந்திருப்பதால் ஒருக்களித்து உட்கார ஆச்சிக்குத் துணிச்சல் வரவில்லை. தளத்தைத் தட்டையாக வைத்தவர்கள் பின்னால் உட்காரும் சேலையை மறந்துவிட்டார்கள் போலும். ஞாயிறு பூசைக்கு நாங்கள் இருவரும் வண்டியில் போகிறோம். ஆச்சி அப்பாவோடு ஆட்டோவில் வருகிறார்கள்.