என்ன மரம் என்று மட்டும் கேட்காதீர்கள்

எங்கள் வீட்டுக்கு இரட்டை அடுக்குக் கட்டில் ஒன்று செய்வதென்று முடிவானதும், வந்துபோன எல்லோரும் கேட்ட முதற்கேள்வி ஒன்றுதான்: "என்ன மரம்?" மாமா தேக்குதான் நல்லது என்றார். பக்கத்து வீட்டு ஆன்டி மஹோகனிக்குத்தான் பொலிஷ் அழகாகப் பிடிக்கும் என்றார். உம்மும்மா, "தோட்டத்துப் பிலா மரம் சும்மாதானே நிக்குது" என்றார். மேல்தட்டில் படுக்கப்போகிறவர் யார், அவருக்கு எத்தனை வயது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

உக்குவளையில் உள்ள எங்கள் வீட்டின் சின்ன அறை பத்தடிக்குப் பத்தடி. அதில் என் தம்பிமார் இருவரும் ஒரே கட்டிலில் படுத்து வந்தார்கள். பெரியவனுக்கு இந்த வருடம் பத்து வயது. பத்து வயதில் பிள்ளைகளின் படுக்கையைப் பிரிக்க வேண்டும் என்பது நாம் எல்லோரும் சிறுவயதிலேயே மத்ரஸாவில் படித்த விடயம். சரி, பிரிக்கலாம். எங்கே வைத்துப் பிரிப்பது? ஆறடிக்கு மூன்றடி அளவில் இரண்டு கட்டில்கள் போட்டால் நூறு சதுர அடியில் முப்பத்தாறு போய்விடும். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் என்னுடைய மேசையும் அந்த அறையில்தான் இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் பதினெட்டு சதுர அடியோடு முடிந்துவிடும். ஆகவே இந்தக் கட்டிலில் எனக்கும் சுயநலம் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

பாயே போதும் என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. உம்மும்மாவின் வீட்டில் ஏழு பிள்ளைகள் பன்பாயில் படுத்து வளர்ந்தார்கள். பாயிலிருந்து யாரும் விழுந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் மழைக்காலத்தில் எங்கள் சீமெந்துத் தரை வியர்க்கிறது, சின்னவனுக்கு இழுப்பும் இருக்கிறது.

மரம் முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. தேக்கைக் கறையான் இலகுவில் அணுகாது. விலையை நாமும் இலகுவில் அணுக முடியாது. பால் வற்றிய இறப்பர் மரத்தில் செய்யும் கட்டில்கள் மலிவு, ஆனால் பூச்சியும் பூஞ்சணமும் பிடிக்காதபடி மருந்திட்டுப் பதப்படுத்திய பலகைதானா என்று கேட்டு வாங்க வேண்டும். உம்மும்மாவின் பலாவுக்கு வேறொரு தடை இருந்தது. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகிய மூன்றையும் சொந்தக் காணியிலென்றாலும் அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது என்று 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. (அந்த மரத்துப் பலாக்கொட்டையை எங்கள் வீட்டில் அதிகம் சாப்பிடுகிறவரும் உம்மும்மாதான். வெட்டியிருந்தால் முதலில் அழுதிருப்பவரும் அவரே.)

எந்த மரமானாலும் அது நன்றாகக் காய்ந்ததா என்பதே பெரிய கேள்வி. ஈரப் பலகையில் செய்த கட்டில், பலகை காயக் காயச் சுருங்கும், பொருத்துகள் இளகும். சாதாரணக் கட்டிலென்றால் கிறீச்சிடுவதோடு போய்விடும். ஐந்தடி உயரத்தில் ஒரு பிள்ளை படுத்திருக்கும்போது அதைக் கிறீச்சென்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

என்னை இவ்வளவு பேசவைத்தது சென்ற ஹஜ்ஜுப் பெருநாளன்று நடந்த ஒரு சம்பவம். சொந்தக்காரர் வீடொன்றில் அழகான இரட்டை அடுக்குக் கட்டில் இருந்தது. நல்ல மரம், கண்ணாடி போன்ற பொலிஷ். பிள்ளைகள் மேலே விளையாடிக்கொண்டிருந்தார்கள். மெத்தைக்கும் தடுப்புப் பலகைக்கும் நடுவே இருந்த இடைவெளியில் என் சின்னத் தம்பியின் கால் நழுவியது. பிறகு இடுப்பு, பிறகு நெஞ்சு. தலை மட்டும் வரவில்லை. அவன் சத்தம்போடவில்லை, போட முடியவில்லை. பெரியவன் கத்தியதால்தான் நாங்கள் ஓடினோம். மாமா கீழேயிருந்து அவன் உடம்பைத் தூக்கிப் பிடிக்க, நான் மேலேறித் தலையைத் திருப்பி எடுத்தேன். அல்ஹம்துலில்லாஹ், கழுத்தில் ஒரு சிராய்ப்போடு போயிற்று. அந்த இடைவெளியை நான் பிறகு கையால் அளந்து பார்த்தேன். என் நான்கு விரல்களும் உள்ளங்கையும் தாராளமாக உள்ளே போயின.

சிறுபிள்ளையின் உடம்பு நுழையும் இடத்தில் தலை நுழையாது. இதை அறிந்துதான் அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு முதல் இவ்வகைக் கட்டில்களுக்கு விதிகள் நடைமுறையில் உள்ளன. மேல்தட்டின் தடுப்பில் மூன்றரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. தடுப்பு, மெத்தைக்கு மேலே குறைந்தது ஐந்து அங்குலம் நிற்க வேண்டும். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை மேலே படுக்கவிடக்கூடாது என்ற எச்சரிக்கை கட்டிலிலேயே ஒட்டப்பட்டிருக்க வேண்டும். தடுப்பு இரண்டு பக்கமும் வேண்டும், சுவரோடு ஒட்டிய பக்கத்திலும்.

இந்தக் கடைசி விடயத்தைச் சொன்னபோது எங்கள் பாஸ் சிரித்தார். "சுவர் இருக்குதானே மகள், அந்தப் பக்கம் என்னத்துக்குப் பலகை?" கட்டில் ஆட ஆடச் சுவரைவிட்டு விலகும், அந்த இடுக்கில்தான் பிள்ளை இறங்கும் என்றேன். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வாப்பாவைப் பார்த்தார். வாப்பா என்னைப் பார்த்தார். பிறகு, "அவள் சொல்ற மாதிரியே போடுங்க" என்றார்.

மெத்தையில் ஒரு முறை வாப்பாவும் சறுக்கினார். தடுப்பின் உயரம் பத்து அங்குலம். அவர் பார்த்துவைத்த மெத்தையோ எட்டு அங்குலம். கழித்தால் மிஞ்சுவது இரண்டு. இப்போது நான்கு அங்குலத் தும்பு மெத்தை வாங்கியிருக்கிறோம். ஏணியைக் கொளுவி வைக்காமல் போல்ட் போட்டு இறுக்கச் சொன்னோம், படிகளையும் உருளையாக இல்லாமல் தட்டையாக வைக்கச் சொன்னோம். ஸுபஹுக்கு எழுப்பினால் பெரியவன் அரைத்தூக்கத்தில்தான் இறங்குவான். மின்விசிறியைச் சுவருக்கு மாற்றினோம், மேலே நின்று கையை நீட்டினால் பழைய விசிறி எட்டும் தூரம்.

இத்தனைக்கும் பிறகு வீட்டில் மிஞ்சிய சண்டை ஒன்றுதான். சின்னவனுக்கு நான்கே முக்கால் வயது. அவன் அதை "மாடிக் கட்டில்" என்கிறான், மாடி தனக்குத்தான் என்கிறான். "பாவம், ஆசைப்படுறான், ஒரு நாளைக்கு விடுங்களேன்" என்று சொல்லாத உறவினர் இல்லை. பாவம் என்பதால்தான் விடக்கூடாது என்கிறேன் நான். பிள்ளையின் ஆசைக்கு மறுப்புச் சொல்வதைக் கல்மனம் என்று நினைக்கிற பெரியவர்களே, விலைகூடிய மரத்தை வாங்கிவிட்டால் பாதுகாப்பையும் சேர்த்து வாங்கிவிட்டதாக நம்புகிறார்கள்.

கட்டில் போன வெள்ளிக்கிழமை வந்தது. மரம் இறப்பர்தான். கீழ்த்தட்டைச் சுற்றி உம்மாவின் பழைய சாரியைத் தொங்கவிட்டு, சின்னவனுக்கு ஒரு கூடாரம் செய்து கொடுத்திருக்கிறேன். அதற்குள் டோர்ச் லைட்டோடு போய்விட்டால் சாப்பிடக் கூப்பிட்டாலும் வருவதில்லை. ஆனாலும் என் மேசைக்கு மேலுள்ள கலண்டரில் தினமும் ஒரு கட்டத்தை வெட்டுகிறான். மாடிக்குப் போக இன்னும் ஒரு வருடமும் மூன்று மாதமும் இருக்கிறதாம்.