‘சில இடங்களில்’ என்றால் எந்த இடத்தில்?

“ஊவா மாகாணத்தில் சில இடங்களில் 100 மில்லிமீற்றருக்கும் அதிகமான பலத்த மழை பெய்யக்கூடும்.” வானொலியில் அடிக்கடி வரும் இந்த வசனத்தை எம் மக்கள் மனப்பாடமாகவே அறிவார்கள். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலையகத்தைக் குலைத்துச் சென்ற பின்னர், வீட்டையும் பயிரையும் விட்டுவந்த குடும்பங்கள் இதைக் கேட்டதும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: எந்த இடத்தில்? இன்று காலை மேலே போய்க் கோவாவுக்கு மண் அணைத்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடலாமா, அல்லது போவதே ஆபத்தா?

விடை கிடைக்காதபோது சிலர் “இவர்களுக்கு ஒன்றும் தெரியாது” என்று அறிவித்தலையே ஒதுக்கிவிடுகிறார்கள். வேறு சிலர் “தெரிந்தும் எங்களுக்குச் சொல்லாமல் மறைக்கிறார்கள்” என்று கோபப்படுகிறார்கள். தமிழில் அறிவித்தல்கள் பிந்தி வருவதையும் சில வேளை வராமலே போவதையும் பார்த்தவர்களுக்கு அந்தக் கோபம் வருவது நியாயமே. ஆனாலும் ‘எந்த இடத்தில்’ என்ற கேள்வியைப் பொறுத்தவரை, கொழும்பில் வளிமண்டலவியல் திணைக்களத்தில் அமர்ந்திருப்பவருக்கும் உங்கள் லயத்தின்மேல் எவ்வளவு பெய்யும் என்பது தெரியாது. ஏன் தெரியாது என்பதை விளங்கிக்கொண்டால், எதை நம்பி, எந்த நேரத்தில் எழுந்து போக வேண்டும் என்பதும் தெளிவாகும்.

இன்றைய எதிர்வுகூறல் கணினியில் போடப்படும் ஒரு பெரிய கணக்கு. உலகைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்று, ஈரம், வெப்பம், அமுக்கம் ஆகியவற்றின் அளவைக் கொடுத்து, சில நிமிடங்களில் அவை எப்படி மாறும் என்று படிப்படியாகக் கணக்கிட்டுக்கொண்டே போவார்கள். இந்த வழியை விரிவாக எழுதி 1922இல் நூலாக வெளியிட்டவர் லூயிஸ் ஃபிறை றிச்சட்சன் என்ற ஆங்கிலேயர். முதலாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, பிரான்சில் காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் வண்டியில் சேவை செய்த காலத்தில் இக்கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்த்தவர் அவர். விடை படுபிழையாக வந்தது. அதை மறைக்காமல் தன் நூலிலேயே அச்சிட்டார். வானிலை அறிஞர்கள் தங்கள் பிழையை வெளியே சொல்லும் வழக்கம் அன்று தொடங்கியது என்று நாம் நினைத்துக்கொள்வதுண்டு. எல்லா அலுவலகங்களுக்கும் அது பரவவில்லை.

கட்டம் எவ்வளவு பெரிது என்பதிலேதான் விடயம் தங்கியிருக்கிறது. ஐரோப்பிய நாடுகளின் கூட்டு வானிலை மையம் 1979இல் எதிர்வுகூறத் தொடங்கியபோது ஒரு கட்டத்தின் அகலம் சுமார் 200 கிலோமீற்றர். வடக்குத் தெற்காக 430 கிலோமீற்றர் நீளமுள்ள எமது தீவு அதில் இரண்டு மூன்று கட்டங்களுக்குள் முடிந்துவிடும். அக்கணக்கில் மலையகம் என்ற ஒன்றே இல்லை. 2016 முதல் அதே மையத்தின் முதன்மைக் கணக்கில் கட்டத்தின் அகலம் சுமார் 9 கிலோமீற்றர். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் ஊவாவுக்கு அது போதுமா?

பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நமுனுகுல உச்சி 2,000 மீற்றரைத் தாண்டுகிறது. இரண்டுக்கும் இடையில் நேர்கோட்டில் பத்துக் கிலோமீற்றர்கூட இல்லை. ஏறக்குறைய ஒரே கட்டத்தின் அகலம். அந்தக் கட்டத்துக்குக் கணினி கொடுப்பது ஒரே ஓர் உயரம், சராசரி உயரம். உச்சியும் பள்ளத்தாக்கும் கலந்து நடுவான ஒரு மேட்டு நிலமாகிவிடுகின்றன. தெற்கே பாருங்கள். 1,400 மீற்றருக்கு மேலுள்ள ஹப்புத்தளையிலிருந்து சுமார் 200 மீற்றரிலுள்ள வெல்லவாயவுக்கு நேர்கோட்டில் 20 கிலோமீற்றருக்கும் குறைவு. ஹல்துமுல்லை, கொஸ்லந்தை, தியலும நீர்வீழ்ச்சி எல்லாம் இந்தச் செங்குத்தான இறக்கத்தில்தான் உள்ளன. கணினிக்கு இது இரண்டே கட்டங்கள், மெதுவான ஒரு சாய்வு. கற்குவியலின்மேல் கனத்த கம்பளியை விரித்தால் கற்களின் விளிம்புகள் எங்கே போகின்றன? அதுபோலத்தான். போதாதற்கு, செங்குத்தான சரிவுகளில் கணக்கு தடுமாறிக் குலைந்துவிடும் என்பதால், சராசரி எடுத்த பிறகும் மலையைச் சற்று மழித்து வழவழப்பாக்கியே கணினிக்குக் கொடுக்கிறார்கள். ஒரு மலைத்தொடரைக் கணினி ஓரளவேனும் சரியாக உணர அதன் குறுக்கே ஆறேழு கட்டங்களாவது வேண்டும் என்று இத்துறையினரே சொல்கிறார்கள்.

மலையை மழித்தால் மழை மாறும். ஈரக்காற்று மலையில் மோதி மேலேறும்போது குளிர்ந்து மழையாகிறது. சரிவு செங்குத்தாக இருந்தால் வேகமாக ஏறி ஓரிடத்தில் கொட்டும். கணினியின் தாழ்ந்த மலையில் அதே காற்று மெதுவாக ஏறுகிறது. மழை பரந்து, மெலிந்து பெய்கிறது. ஆகவே காற்றை எதிர்கொள்ளும் சரிவில் பொதுவாகக் குறைவாகவும், மலைக்கு மறுபுறம் காய்ந்திருக்க வேண்டிய இடத்தில் சற்று மிகையாகவும் கணக்கு வருகிறது. கொஸ்லந்தையின் 200 மில்லிமீற்றரும் அடுத்த மடிப்பின் 40 மில்லிமீற்றரும் ஒன்றாகக் கலந்து வானொலியில் ‘சில இடங்களில் 100’ ஆகலாம்.

மலையின் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பது எவ்வளவு பெரிய விடயம் என்பதை எம் மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டிப்பொலைக்கும் ஒஹியவுக்கும் இடையிலுள்ள சுரங்கத்தில் மழையோடு நுழையும் ரயில் மறுபக்கம் வெயிலில் வெளியேறுவதைப் பார்த்தவர்கள் பலர். லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில், மேற்கே மேகம் எழுவதைக் கண்டதும் மழை வரும் என்று சொல்லும் மக்களைப் பற்றி ஆண்டவர் பேசுகிறார். பாலஸ்தீனத்துக்கு மேற்கே கடல். அவர்களுக்கு அது சரி. பதுளையில் அதே அடையாளம் தலைகீழ். யூன் முதல் செப்டெம்பர் வரை மேற்கிலிருந்து வரும் காற்று தன் ஈரத்தை வட்டவளை, கினிகத்தேனைப் பக்கமே இறக்கிவிட்டு, எம் பக்கம் காய்ந்த கச்சானாக இறங்குகிறது. ஊவாத் தேயிலையின் பெயர்பெற்ற வாசனை அந்தக் காய்ச்சலில் பிறப்பது. எமக்கு மழை ஒக்டோபர் முதல் சனவரி வரை, பெரும்பாலும் கிழக்கும் வடகிழக்கும் திறந்த பக்கமாக வருகிறது. நற்செய்தியை வைத்து வானிலை பார்க்க நினைப்பவர்களுக்கு மட்டும் இதைச் சொல்லி வைக்கிறோம்.

இளைஞர்கள் கைபேசியைக் காட்டுகிறார்கள். அதில் ஊரின் பெயர் இருக்கிறது, மணிக்கு மணி மழை இருக்கிறது. பெயர் உங்கள் ஊருடையது. கணக்கு பெரும்பாலும் அந்தப் பெரிய கட்டத்துடையது. வெப்பநிலையை உயரத்துக்கு ஏற்பத் திருத்துவது எளிது, ஏனெனில் 1,000 மீற்றருக்கு ஏறத்தாழ 6.5 பாகை குறையும் என்று ஒரு கணக்கு உண்டு. வெலிமடையில் உருளைக்கிழங்கு போடுபவருக்கு அது ஓரளவு உதவும். மழைக்கு அப்படி ஒரு சூத்திரம் இல்லை.

இவ்வாறு சொல்வதால் எதிர்வுகூறல் பயனற்றது என்று எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. டிட்வா போன்ற பல நூறு கிலோமீற்றர் பரந்த தொகுதியைப் பெரிய கட்டமும் காணும். மாகாணம் முழுவதற்கும் சிவப்பு எச்சரிக்கை வந்தால் எந்த மடிப்பு என்று கேட்டுக்கொண்டிருக்காமல் இறங்கிவிட வேண்டும். அப்புயலில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. சிக்கல் மற்றைய நாட்களில்தான் இருக்கிறது. பூனாகலை கபரகலையில் மண்சரிவு நிகழ்ந்தது 2023 மார்ச் 19 அன்று. மார்ச், ஏப்ரலில் பிற்பகல் இடிமுகில்கள் சில கிலோமீற்றர் அகலமே உள்ளவை. 9 கிலோமீற்றர் கட்டத்தின் வலைக்கண்ணில் அவை நழுவிப் போய்விடும்.

கட்டத்தைச் சிறிதாக்கலாமே என்று கேட்கலாம். அகலத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும், நேர இடைவெளியும் பாதியாக வேண்டும். ஆகக் கணினிக்கு எட்டு மடங்கு வேலை. சுவிற்சர்லாந்து தன் மலைகளுக்காக 2016இலேயே சுமார் 1 கிலோமீற்றர் கட்டத்துக்கு வந்துவிட்டது. அங்கே வாழும் எம் உறவுகளின் கைபேசி எமதைவிடச் சரியாகச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். இந்தியா 2025 மே மாதத்தில் 6 கிலோமீற்றர் கட்டத்தில் ஓர் உலகக் கணக்கைத் தொடங்கியது. எமது நாட்டுக்கும் நுண்ணிய கணக்கு வேண்டும், அதற்குப் பணம் ஒதுக்கப்பட வேண்டும். ஆயினும் தரையில் அளந்த மழையும் காற்றும் போதிய அளவு உள்ளே போகாவிட்டால், நுண்ணிய கணக்கு அழகான ஒரு மழையை வரைந்து அதைப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் போட்டுவிடும்.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனியுங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயப் படங்களை 1க்கு 10,000 என்ற அளவில் வரைந்திருக்கிறது. அதில் ஒரு சென்ரிமீற்றர் என்பது தரையில் 100 மீற்றர். எந்தச் சரிவு வழுக்கும் என்பது லயன் வரிசை அளவுக்குத் தெரிகிறது. அதன்மேல் எவ்வளவு மழை விழும் என்பதோ கட்டத்தின் அளவுக்குத்தான் தெரிகிறது. இந்த இடைவெளியை நிரப்பக்கூடியது உங்கள் சரிவிலேயே நிற்கும் மழைமானி ஒன்றுதான். அந்நிறுவனத்தின் எச்சரிக்கை எல்லைகளும் அளந்த மழையையே அடிப்படையாகக் கொண்டவை: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருத்தல், 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாதல், 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75ஐத் தாண்டினால், வெளியேறுதல்.

கேரளத்தில் எம்மைப் போலவே தேயிலை மலைகளைக் கொண்ட வயநாட்டில், ஹியூம் மையம் என்ற சிறு ஆய்வு நிறுவனம் ஏறத்தாழ இருநூறு இடங்களில் மழையை அளக்கும் வலையமைப்பை நடத்துகிறது. 2024 யூலை 30 அதிகாலை முண்டக்கை, சூரல்மலைப் பகுதி மண்ணோடு போவதற்கு முந்தைய நாளே, அளந்த மழையைப் பார்த்து அவர்கள் மாவட்ட நிர்வாகத்தை எச்சரித்திருந்தார்கள். 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அளந்தவர்கள் சரியாகவே அளந்தார்கள். அந்த எண் வேண்டிய வேகத்தில் மக்களை எழுப்பவில்லை.

எமது தோட்டங்களிலோ மழைமானி புதிதல்ல. வெள்ளைக்காரத் துரைமார் காலந்தொட்டுத் தோட்ட அலுவலகங்களில் நாள்தோறும் மழை அளந்து புத்தகத்தில் எழுதப்படுகிறது. கொழுந்தின் விளைச்சலைக் கணக்கிட அந்த எண் நிர்வாகத்துக்குத் தேவை. சரிவின் அடியில் தூங்குபவனுக்கு அது அதைவிடத் தேவை. அப்புத்தகம் மேசை இழுப்பறைக்குள் இருக்க வேண்டிய ஒன்றல்ல. காலையில் அளந்த எண் பிரட்டுக்களத்துப் பலகையில் தமிழில் எழுதப்பட வேண்டும். பலத்த மழை நாட்களில் மணிக்கு ஒரு தடவை அளந்து கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துக்கும் சொல்லப்பட வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடு இதையும் கேட்கட்டும். இதனால் நிர்வாகத்துக்கு ஆகும் செலவு ஒரு சுண்ணக்கட்டி.

“அப்படியானால் எச்சரிக்கும் பொறுப்பையும் ஏழைகளின் தலையிலேயே போடுகிறீர்களா?” என்று எம்மைக் கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். மீரியபெத்தை 2014 ஒக்டோபர் 29 காலை புதைந்தது. அவ்விடம் ஆபத்தானது, மக்களை அகற்றுங்கள் என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. அங்கே ‘எந்த இடம்’ என்ற கேள்விக்கு விடை ஒன்பது ஆண்டுகள் முன்னரே இருந்தது. போவதற்கு வேறு காணிதான் இருக்கவில்லை. உயிர் தப்பியவர்களுக்கு 2016இல் வீடுகள் கையளிக்கப்பட்டன. காணி கொடுப்பது அரசின் கடமை, தோட்டக் கம்பனிகளின் கடமை. எந்த மழைமானியும் அக்கடமையிலிருந்து அவர்களை விடுவிக்காது. ஆனால் காணி கிடைக்கும்வரை பகலில் கொல்லைக்குப் போய் வருகிற குடும்பங்களுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த முடிவுக்கு ஓர் எண் கையில் இருப்பது நல்லது.

தோட்ட அலுவலகம் எண்ணைத் தராவிட்டால் நீங்களே அளக்கலாம். வாயும் அடியும் ஒரே அகலமாக, நேரான சுவருள்ள தகரப் பேணி ஒன்று போதும். கூரை, மரம், மதில் எதன் அருகிலும் இல்லாமல் திறந்த வெளியில், காற்றில் சரியாதவாறு வைத்து, உள்ளே நிற்கும் நீரின் உயரத்தைப் பாடசாலை அடிமட்டத்தால் பாருங்கள். 10 சென்ரிமீற்றர் நின்றால் அது 100 மில்லிமீற்றர். காலை 8.30க்குக் குறித்துக்கொண்டு ஊற்றிவிட்டுத் திரும்ப வையுங்கள். முந்தைய நாட்களின் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள், ஏனெனில் நான்கு நாள் ஊறிய மண்ணுக்கு ஐந்தாம் நாள் சிறு மழையே போதும். தரையில் புதிய வெடிப்பு, ஊற்றுநீர் கலங்குதல், மரங்கள் சாய்தல் தெரிந்தால் எண்ணைப் பார்க்கவே வேண்டாம், இறங்கிவிடுங்கள்.

கடினமானது இரவு. ஒரு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டும்போது வீட்டில் எல்லோரும் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார்கள். ஆகவே ஒவ்வொரு லயத்திலும் இரண்டு பேர் முறை வைத்து, டோர்ச் லைற்றோடு மணிக்கொரு தடவை பேணியைப் பார்க்க வேண்டும். அடுத்த ஒக்டோபருக்கு முன் அந்த முறையைப் பெயர்களோடு எழுதிக் கதவில் ஒட்டுங்கள். யார் கதவைத் தட்டுவது, நடக்க முடியாத பாட்டியை யார் தூக்குவது, எந்தப் பாதையால் இறங்குவது என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.