வெள்ளம் தீர்த்துவைக்காத கணக்கு

ஜோர்ஜ் எலியட் 1860ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘புளொஸ் நதிக்கரை ஆலை’ என்னும் நாவலை வகுப்பறையிலே விளக்குவோர் பெரும்பாலும் இரு சாராராகப் பிரிகின்றனர். கதாநாயகியான மாகி துலிவர் உணர்ச்சிவயப்பட்டவள். அவ்வுணர்ச்சியே அவளை அழித்தது என்பர் ஒரு சாரார். அண்ணன் தங்கை பாசத்தின் காவியம் இது. வெள்ளத்தில் இருவரும் தழுவியபடி மாள்வதே அதன் சிகரம் என்பர் மறுசாரார். முன்னவர் ஒரு பெண்ணின் சுபாவத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றனர். பின்னவர் அவளுடைய பிணத்துக்கு மாலை சூட்டுகின்றனர். இருவரும் சேர்ந்து விடுதலை செய்துவிடுவது அவளை வளர்த்து நெரித்த சமுதாயத்தையே. இவ்விரு தீர்ப்புகளையும் நாம் வன்மையாக மறுக்கின்றோம்.

நாவல் எதிலே தொடங்குகிறது என்பதைப் பார்ப்போம். பாசத்திலே அன்று, பிள்ளைகளின் படிப்புச் செலவிலே தொடங்குகிறது. ஆலைக்காரர் துலிவருக்கு இரு பிள்ளைகள். ரொம்முக்கு வயது 13, மாகிக்கு 9. மகனுக்கு உயர்ந்த கல்வி கொடுக்கத் தந்தை முடிவுசெய்கிறார். சட்டத்தரணிகளின் சூழ்ச்சியைச் சமாளிக்க ஓர் ஆள் வேண்டும் என்பது ஒரு காரணம். வளர்ந்த மகன் ஆலையைத் தம் கையிலிருந்து பறித்துக்கொள்ளாதிருக்க அவனுக்கு வேறொரு தொழில் வேண்டும் என்பது மற்றொரு காரணம். தகப்பனுக்கும் மகனுக்கும் இடையே கூடச் சொத்து வந்து குந்தியிருப்பதை ஆசிரியை முதல் அத்தியாயங்களிலேயே காட்டிவிடுகிறார்.

ரொம் குருவானவர் ஸ்டெலிங்கிடம் இலத்தீனும் யூக்கிளிட்டின் கேத்திரகணிதமும் கற்க அனுப்பப்படுகிறான். அவன் கைகள் தொழிலை நாடுவன. இலத்தீன் அவனுக்குச் சித்திரவதை. அவனைப் பார்க்க வரும் மாகியோ அதே புத்தகங்களை ஆவலோடு பற்றிக்கொள்கிறாள். பெண்பிள்ளைகளுக்கு விரைவான புத்தி உண்டு, ஆழம் இல்லை என்று குருவானவர் தீர்ப்புரைக்கிறார். ரொம் மகிழ்கிறான், மாகி குன்றிப்போகிறாள். கேட்டவளுக்குக் கல்வி இல்லை; கிடைத்தவனுக்கு அது பயன்படவில்லை. குடும்பம் நொடித்தபின் வேலை தேடிச் செல்லும் ரொம்மிடம் கணக்குப் பதியத் தெரியுமா என்று மாமனார் டீன் கேட்கும்போது அவன் விழிக்கிறான். ஆணுக்குரியது இது, பெண்ணுக்குரியது இது என்று வகுத்த சமுதாயம் இரு பிள்ளைகளையும் ஒருங்கே ஏமாற்றியது. ஆதலால் ரொம்மை வெறும் கொடியவனாகக் காட்டும் விமர்சனத்தையும் நாம் ஏற்பதற்கில்லை.

தாய்வழியிலே டொட்சன் சகோதரிகள் நால்வர். வெள்ளைத் துணி, பீங்கான், மரணசாசனம் என்பன அவர்களுடைய வேதம். துலிவர் வழக்கிலே தோற்றுப் பாரிசவாதத்தால் விழுந்ததும், வீட்டுப் பொருள்கள் ஏலத்துக்கு வருகின்றன. திருமதி துலிவர் கன்னிப் பருவத்தில் தம் கையாலேயே நூற்றுத் தம் பெயர் பொறித்து வைத்திருந்த துணிகளும் அவற்றோடு போகின்றன. கணவன் பட்ட கடனுக்கு மனைவியின் உழைப்பு ஏன் விலைபோக வேண்டும்? இங்கிலாந்தின் அன்றைய சட்டத்தின்படி மணமான பெண்ணின் அசையும் பொருள் கணவனுக்கே உரியது. 1870ஆம், 1882ஆம் ஆண்டுகளின் சட்டங்களே அந்நிலையைப் படிப்படியாக மாற்றின. அத்துணிகளைக் கட்டிக்கொண்டு அழும் தாயைப் பார்த்து நகைக்கும் வாசகர், நகைப்புக்கிடமான பேதை ஒருத்தியையே காண்கின்றனர். சட்டப்படி கொள்ளையிடப்பட்ட ஒரு தொழிலாளியைக் காணத் தவறுகின்றனர்.

கூடிவந்த சகோதரிகள் தத்தமக்கு வேண்டிய சில பொருள்களை வாங்க இசைகின்றனர்; புத்திமதியைத் தாராளமாக வழங்குகின்றனர். கடனைத் தீர்க்க உதவாதவர்கள் ஏன் வந்தீர்கள் என்று அவர்கள் முகத்துக்கு நேரே கேட்பவள் மாகி ஒருத்தியே. அச்சபைக்கு வறிய அத்தை மொஸ் வருகிறாள். தமையனிடம் வாங்கிய 300 பவுணைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு வழியில்லை. அவளைத் துன்புறுத்தலாகாது என்ற தந்தையின் விருப்பத்தை மதித்து அந்தக் கடன்முறியை அழித்துவிட ரொம் முன்வருகிறான். குடும்பம் என்பது கணக்குப் புத்தகத்தை மீறி மனிதத்தன்மை பெறும் அரிய கணம் அது. எலியட் டொட்சன்களின் நாணயத்தையும் மறைக்கவில்லை. ஊரே மாகியைத் தூற்றும்போது, கடுஞ்சொல்லியான கிளெக் மாமி அவளுக்காக வாதாடுகிறாள். ஆனால் அவள் காப்பது ‘எங்கள் இரத்தம்’ என்ற உரிமையை. மாகி என்ற மனுஷியை அன்று.

இக்குடும்பத்திலே பகையும் பரம்பரைச் சொத்தாகிறது. ஆலையை விலைக்கு வாங்கிய சட்டத்தரணி வேக்கமை ஒருபோதும் மன்னிப்பதில்லை என்று தந்தை மகனைக்கொண்டு குடும்ப வேதாகமத்தில் எழுதுவிக்கிறார். பின்னர் அந்த மகன் அதே வேதாகமத்தின் மேல் தங்கையின் கையை வைக்கச் சொல்லி, வேக்கமின் மகன் பிலிப்பைத் தனக்குத் தெரியாமல் சந்திப்பதில்லை என்று வாக்குறுதி வாங்குகிறான். இரு சத்தியங்களையும் அருகருகே வைத்து நோக்கினால், ஆண் வழியே வந்த பகைக்குப் பெண்ணின் மனம் எவ்வாறு பணயமாகிறது என்பது வெளிப்படை.

கடன் தீர்க்கத் தானும் உதவவேண்டும் என்று மாகி கடையொன்றிலிருந்து தையல்வேலை வாங்கிவருகிறாள். அண்ணனுக்கு அது மானக்கேடு. உழைத்துக் கடனைத் தீர்ப்பது ஆணின் கடமை. தீர்த்தவனுக்குப் பணிந்து நடப்பது பெண்ணின் கடமை! வாசலெல்லாம் அடைபட்டபோது அவள் தோமஸ் அ கெம்பிசின் நூலைப் பற்றிக்கொண்டு துறவு பேசத் தொடங்குகிறாள். இதனை ஆன்மிக முதிர்ச்சி என்று போற்றுவோர், அது தன்னைத்தானே மரத்துப்போகச் செய்யும் வழி என்று பிலிப் எச்சரிப்பதை மறந்துவிடுகின்றனர்.

இனி, ‘உணர்ச்சிவயப்பட்டவள்’ என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். மைத்துனி லூசிக்குக் கணவனாவான் என ஊர் எதிர்பார்த்த ஸ்டீபன் கெஸ்டோடு மாகி படகிலே செல்கிறாள். நீரோட்டம் அவர்களை வெகுதூரம் கொண்டுபோய்விடுகிறது. ஆசை வழியே நடப்பவளாயின் அவள் அவனை மணந்து சுகமாக வாழ்ந்திருக்கலாம். அவளோ லூசிக்கும் பிலிப்புக்கும் செய்யும் துரோகத்தின் மேல் வாழ்வு கட்டமாட்டேன் என்று மறுத்துத் தனியே திரும்பிவருகிறாள். மனைவியாகத் திரும்பியிருந்தால் சென்ற் ஒக்ஸ் நகரம் சிலகாலம் முணுமுணுத்துவிட்டு வரவேற்றிருக்கும் என்பதை ஆசிரியை கூர்மையான அங்கதத்தோடு எழுதுகிறார். மனச்சாட்சிக்குப் பணிந்த கணத்திலேயே மாகி தண்டிக்கப்படுகிறாள். அண்ணன் கதவடைக்கிறான். இரங்கிய குருவானவர் கென்கூட, அவளுக்குக் கொடுத்த வேலையை ஊர்வாய்க்கு அஞ்சிக் கைவிடுகிறார். ஆகவே சென்ற் ஒக்ஸ் காத்தது ஒழுக்கத்தை என்பார் கூற்று நாவலின் சான்றுகளுக்கு முன்னால் நிற்கமாட்டாது. அது காத்தது விவாகச் சந்தையின் விதிகளையே.

எவ். ஆர். லீவிஸ் 1948ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பெரும் மரபு’ என்னும் நூலில், மாகியின் ஏக்கங்களோடு எலியட் தம்மை ஒன்றாக்கிக்கொண்டமை முதிர்ச்சியின்மை என்று குறைகண்டார். அவருடைய நுண்மையை நாம் மதிக்கின்றோம். ஆயினும், அறிவுக்கும் அன்புக்கும் ஏங்குவதை முதிராத பருவத்தின் நோயாகக் கருதும் நோக்கு, அந்த ஏக்கத்துக்கு இடங்கொடாத ஊரைக் கேள்விகேட்பதில்லை.

எம்முடைய குறை வேறு. எலியட்டின் இயற்பெயர் மேரி ஆன் எவன்ஸ். மணமாகியிருந்த ஜோர்ஜ் ஹென்றி லூயிஸுடன் 1854ஆம் ஆண்டிலிருந்து வாழத்தொடங்கிய அவரை, தமையன் ஐசக் எவன்ஸ் அதனை அறிந்தபின் முற்றாக ஒதுக்கிவைத்தார். 1880ஆம் ஆண்டில் அவர் ஜோன் குரொஸ்ஸைச் சட்டப்படி மணந்தபோதுதான் தமையனின் கடிதம் வந்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே எலியட் காலமானார். தமையனின் மௌனத்தை அவர் மண்டியிட்டு உடைக்கவில்லை. எழுதி உழைத்து வாழ்ந்தார். தாம் வாழ்ந்து காட்டிய வழியை அவர் மாகிக்குக் கொடுக்கவில்லை. வெள்ளத்தை அழைத்துவந்து, பகைத்து நின்ற இருவரையும் தழுவச்செய்து, மூழ்கடித்துவிட்டார். யதார்த்தமாக எழுப்பிய கேள்விக்கு இயற்கையின் சீற்றத்தைக்கொண்டு விடைசொன்னது நாவலின் தோல்வி. அத்தோல்வியை அழகென்று மாணவருக்குப் போதிப்பது அதைவிடப் பெரிய தோல்வி.

ஏனெனில் வெள்ளம் எதையும் தீர்க்கவில்லை. நாவலின் முடிவுரையிலே ஆலை திரும்பக் கட்டப்பட்டுவிடுகிறது; துறைமுகத்தில் வியாபாரம் மீண்டும் நடக்கிறது. மாகிக்கு அடைபட்ட கதவுகளைத் திறந்தவை வேறு கைகள். பெண்களுக்கான கேட்டன் கல்லூரி 1869ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டபோது எலியட்டும் 50 பவுண் கொடுத்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழு உரிமையுள்ள பட்டம் வழங்க 1948ஆம் ஆண்டுவரை போராடவேண்டியிருந்தது.

இந்நாவலைக் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்கள், ‘மாகியின் குறைபாடுகளை விளக்குக’ என்ற வினாவை எடுத்துவிட்டு, இலத்தீன் புத்தகம் ஏன் ரொம்மின் கையிலே கொடுக்கப்பட்டது என்று ஒருமுறை கேட்டுப்பார்க்கட்டும். அந்த வினாவுக்கு விடை தேடும் மாணவனும் மாணவியும் தத்தம் வீட்டுக் கணக்கையும் திறந்து பார்ப்பார்கள் என்பது எமது நம்பிக்கை.