விற்கும் முன் வீட்டை நாமே பார்ப்போம்

மூட்டையைப் பிரித்துக் கையில் அள்ளிப் பார்க்காமல் நாம் பருப்பு வாங்குவதில்லை; விற்பதும் இல்லை. வீட்டை விற்கும்போது மட்டும் இந்த வழக்கத்தை மறந்துவிடுகிறோம்.

இது என் சொந்த அனுபவம். கடைக்கு முதல் போடுவதற்காக, கீழப்பாவூரில் உள்ள பழைய வீட்டை விற்க முனைந்தேன். வெள்ளையடித்து, விலை பேசி, அட்வான்சும் வாங்கியாயிற்று. ஆனிச் சாரலில் தட்டட்டி கசிந்து சுவரெல்லாம் ஈரம், நிலையில் கறையான். வாங்க வந்தவர் கொத்தனாரோடு வந்து பார்த்தார். "விலையைக் குறையுங்கள், அல்லது அட்வான்சைத் திருப்பித் தாருங்கள்" என்றார். அட்வான்சோ மொத்தக் கடைப் பாக்கிக்குப் போய்விட்டது. வேறு வழியின்றிக் குறைத்தேன். முன்பே கொத்தனாரையும் ஆசாரியையும் அழைத்துக் காட்டியிருந்தால், அதில் சிறு பங்கிலேயே பழுது நீங்கியிருக்கும்.

"குறையைக் கண்டுபிடிப்பது வாங்குகிறவர் பாடு" என்பார் சிலர். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆவது பிரிவின்படி, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் அறிய முடியாத முக்கியக் குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அதைச் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் மோசடியாகவே கருதப்படும். பத்திரக் குறையும் இதில் அடங்கும்.

ஆகவே விலை சொல்லும் முன் கூரை, சுவர், வயரிங், கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றை விவரம் தெரிந்தவரை வைத்துப் பாருங்கள். வில்லங்கச் சான்று எடுங்கள். பட்டா இன்னும் தகப்பனார் பேரில் இருந்தால் மாற்றுங்கள். வீட்டு வரி ரசீதையும் எடுத்து வையுங்கள். சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்து, முடியாததைச் சொல்லி விலை கூறுங்கள்.

கடையில் சம்பாதித்த நாணயத்தை வீட்டு விற்பனையில் இழக்கலாமா?