சக்கரம் நிற்க வேண்டும்!

டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் கடைசிக் காலத்தைக் கழித்தவர் ஜே. சி. குமரப்பா. தொழிலில் மனிதனே முதல் என்றவர் அவர். அந்த ஊர் மில்லுக்கும் இது பொருந்தும்.

சுவிட்சை அணைத்ததும் மோட்டார் நிற்பதில்லை. ரம்பம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சில நொடிகளில்தான் விரல் போகிறது!

இதற்கு வழி, மின்சார பிரேக். அதில் இரண்டு வகை முக்கியம்.

ஒன்று, மோட்டாரின் சுருளில் நேர் மின்சாரத்தைப் பாய்ச்சி வேகத்தை அடக்குவது. கரண்ட் போய்விட்டால் இது பிடிக்காது.

மற்றொன்று ஸ்பிரிங் பிரேக். கரண்ட் இருக்கும்வரை காந்தம் அதை விலக்கி வைக்கும். கரண்ட் போனதும் ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும். பாரம் தூக்கும் இயந்திரத்துக்கு இதுவே தேவை.

பிரேக்கை மாட்டுமுன் மெயினை அணைத்துப் பூட்ட வேண்டும். சாவி, வேலை செய்பவர் மடியில் இருக்க வேண்டும். மோட்டாரை ஓட்டும் கரண்டும் நிறுத்தும் கரண்டும் ஒரே நேரத்தில் பாயக்கூடாது. தேர்ந்த எலெக்ட்ரீசியனே இதைச் செய்ய வேண்டும்.

ஆபத்தில் மின்சாரத்தைத் துண்டிக்க ஒவ்வொரு வேலைக்கூடத்திலும் வசதி வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. துண்டித்தால் மட்டும் போதாது. சக்கரமும் நிற்க வேண்டும்.

பிரேக்குக்குப் பணம் செலவாகும். போன விரலோ எந்த விலைக்கும் வராது!