மாரியோவைப் பார்க்கப் போகும் அம்மம்மா

பாடசாலை விடுமுறைக்கு சிங்கப்பூர் வழியாக இலங்கைக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ போகும் எமது குடும்பங்கள் இப்பொழுது பயணத்தில் ஒரு நாளைத் தவறாமல் ஒதுக்கி வைக்கின்றன. அந்த நாள் கோயிலுக்கும் அல்ல, முஸ்தபா கடைக்கும் அல்ல, மாரியோவுக்கு. செந்தோசாத் தீவிலுள்ள யூனிவேர்சல் ஸ்ரூடியோவில் 2025 பெப்ரவரி 18 ஆம் திகதி ‘சுப்பர் நின்ரென்டோ வேர்ல்ட்’ திறக்கப்பட்டது. முதலாவது 2021 இல் ஜப்பானின் ஒசாகாவிலும் அடுத்தது 2023 இல் ஹொலிவூட்டிலும் வந்தன. 2025 மே மாதம் ஒர்லாண்டோவிலும் ஒன்று வந்துவிட்டது. பிள்ளைகள் திரையில் பார்க்கும் உலகத்தை அப்படியே சீமெந்தில் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். கையில் ஒரு பட்டியைக் கட்டிக்கொண்டு மஞ்சள் பெட்டிகளை இடித்து நாணயம் சேர்ப்பதும், தலையில் கண்ணாடித் தொப்பி மாட்டிக்கொண்டு மாரியோவின் கார் ஓட்டுவதும்தான் அங்குள்ள வேலை.

இங்கிலாந்திலும் இது வரப்போகிறது. செசிங்டனில் ‘மைன்கிராவ்ற்’ உலகம் 2027 இலும், பெட்போர்ட்டில் யூனிவேர்சலின் பூங்கா 2031 இலும் திறக்கப்படும் என அறிவித்திருக்கிறார்கள். ஆகவே இன்று போகாதவர்களும் நாளை போகத்தான் போகிறார்கள்.

“வீட்டிலும் இதே விளையாட்டு, காசைக் கொட்டி அங்கேயும் இதே விளையாட்டா?” என்று சில பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. என் பதில், போங்கள் என்பதுதான். வீட்டில் சோபாவை விட்டு அசையாத பிள்ளை அன்று காலை முதல் இரவு வரை நடக்கிறது. பேரன் எதை விளையாடுகிறான் என்றே தெரியாத தாத்தா அன்று அதைக் கண்ணால் காண்கிறார். மூன்று தலைமுறை ஒன்றாக ஒரு நாளைக் கழிப்பது இலண்டனில் எத்தனை வீடுகளில் நடக்கிறது? எனக்குக் குறை போவதில் அல்ல, போவதைத் திட்டமிடும் முறையில்தான்.

நாங்கள் எப்படித் திட்டமிடுகிறோம்? ரிக்கற் எந்தத் தளத்தில் மலிவு, வரிசையில் முந்துவதற்கு எவ்வளவு கூடுதல் காசு, மரக்கறிச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று மூன்று கிழமை வாட்சப்பில் பேசுகிறோம். அம்மம்மாவின் குளிசைகளைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. அவரை ஏன் கூட்டிக்கொண்டு போகிறோம் என்று கேட்டால், உண்மையான பதில், பைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்பதுதான்! சவாரிகளுக்கு வெளியே ஒரு வாங்கில், ஆறு பேரின் பைகளோடும் தொப்பிகளோடும் அவரை இருத்திவிட்டு மற்றவர்கள் உள்ளே போய்விடுகிறார்கள்.

அந்த வாங்கில் நடப்பதைச் சொல்கிறேன். எமது மூத்தவர்களில் பலருக்கு சலரோகம் உண்டு. கிளிக்கிளசைட் போன்ற குளிசையோ இன்சுலினோ எடுப்பவர், பூங்கா திறக்கும் நேரத்துக்குப் போகவேண்டும் என்ற அவசரத்தில் மருந்தை எடுத்துவிட்டு ஒரு பிஸ்கற்றோடு புறப்படுகிறார். பிறகு ரெயில், நடை, வரிசை. 31, 32 பாகை வெயில், அதற்கு மேல் அந்த ஊரின் ஈரக் காற்று. மருந்து தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும், சாப்பாடு மட்டும் வரவில்லை. இரத்தத்தில் சீனி 4 இற்குக் கீழே இறங்கும்போது வியர்வை, நடுக்கம், பசி, படபடப்பு, பேச்சில் ஒரு தடுமாற்றம் வரும். சுற்றியிருப்பவர்கள், அவர் உட்பட, “வெயில் களைப்பு” என்று நினைத்துக்கொள்கிறார்கள். சிங்கப்பூரில் எல்லோருக்கும்தானே வியர்க்கிறது!

இதற்கு வேண்டியது மிகச் சிறியது. குளுக்கோஸ் குளிசை நாலைந்து, அல்லது ஒரு சிறு குவளை பழச்சாறு. பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறுபடி அளந்து பார்க்க வேண்டும், பிறகு ஒரு சாண்ட்விச். ஆனால் குடிபானத்தைப் பார்த்து வாங்குங்கள். 2018 இல் இங்கே சீனி வரி வந்த காலத்தில் பல சோடாக்களில் சீனியைக் குறைத்துவிட்டார்கள். சிங்கப்பூரில் 2022 டிசம்பர் முதல் பைக்கற் பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரம் போடுகிறார்கள். சாதாரண நாளில் நான் ஏ எழுத்தைத் தேடச் சொல்வேன். சீனி இறங்கிய நேரத்தில் அதே ஏ உதவாது, அப்போது டி தான் மருந்து.

அந்த நாளை இறங்கிய மறுநாளே வைக்காதீர்கள். சிங்கப்பூரில் காலை பத்து மணி என்றால் இலண்டன் உடம்புக்கு அது அதிகாலை இரண்டோ மூன்றோ. இரண்டு மூன்று நாள் கழியட்டும். இன்சுலின் எடுப்பவர்கள் ஏழெட்டு மணி நேர வித்தியாசத்துக்கு ஊசியை எப்படி மாற்றுவது என்று புறப்படுவதற்கு முன் சலரோகத் தாதியிடம் கேளுங்கள். இன்சுலினைக் கைப்பையில் கொண்டு போங்கள், பெரிய பெட்டியில் போட்டால் விமானத்தின் அடியில் உறைந்துவிடக்கூடும். வெயிலில் அதைக் காக்க, தண்ணீரில் நனைத்துப் பாவிக்கும் சிறு பை பாமசியில் கிடைக்கும். சப்பாத்து பழையதாக இருக்கட்டும். கால் விறைப்பு உள்ள ஒருவர் புதுச் சப்பாத்தோடு நாள் முழுக்க நடந்தால், காயத்தைக் கண்டுபிடிப்பது ஹோட்டலில் மகள்தான். பூங்கா வாசலில் சக்கர நாற்காலி வாடகைக்கு எடுக்கலாம். அதில் இருப்பதற்கு எமது அப்பாமார் வெட்கப்படுகிறார்கள். நான்கு மணித்தியாலம் வாங்கில் தனியே இருப்பதற்கு வெட்கப்படுவதில்லை.

இடுப்பளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 இல் ஹொலிவூட்டில் மாரியோ கார் சவாரி திறந்தபோது, இடுப்பு 40 அங்குலமோ அதற்கு மேலோ உள்ளவர்கள் இருக்கையில் அமர முடியாமல் போகலாம் என்று அறிவித்தார்கள். அதைப் பற்றி உலகம் முழுக்கப் பத்திரிகைகள் எழுதின. தெற்காசிய ஆண்களுக்கு மருத்துவம் வைத்திருக்கும் எல்லை 90 சென்ரிமீற்றர், அதாவது முப்பத்தைந்தரை அங்குலம். பெண்களுக்கு 80. மாரியோ எங்களைவிடத் தாராளமானவர்! இடுப்பு, உயரத்தின் பாதிக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்று இங்குள்ள நைஸ் நிறுவனமும் 2022 இல் சொன்னது. பிள்ளையின் உயரத்தைச் சுவரில் அளந்து சவாரிக்குப் போதுமா என்று பார்க்கிறீர்கள் அல்லவா, அதே நாடாவை அப்பாவின் வயிற்றிலும் ஒரு முறை சுற்றிப் பாருங்கள்.

இனி, எமது சமூகம் பேச விரும்பாத விடயம். வலிப்பு. பெண் பிள்ளைக்கு வலிப்பு என்றால் கலியாணம் கெட்டுவிடும் என்று சொந்தத் தம்பிக்கே சொல்லாத வீடுகளை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை ஒன்றுவிட்ட சகோதரங்களோடு சேர்ந்து பூங்காவுக்குப் போகிறது. கூடப் போகும் மாமிக்கு ஒன்றும் தெரியாது. 1997 டிசம்பர் 16 ஆம் திகதி ஜப்பானில் தொலைக்காட்சியில் போக்கிமொன் பார்த்துக்கொண்டிருந்த 600 இற்கும் மேற்பட்ட பிள்ளைகள் சிவப்பும் நீலமுமாக மின்னிய ஒரு காட்சியால் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அந்தக் கதையைக் கேட்டுப் பயந்து வலிப்புள்ள பிள்ளைகளை வீட்டில் பூட்டி வைக்கவும் வேண்டாம். மின்னும் ஒளியால் வலிப்பு வருவது, வலிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்குத்தான். யார் அந்த மூன்று பேர் என்பதை நிபுணரிடம் கேட்டு அறியலாம். ஒளி திடீரென்று மின்னினால் கண்ணை மூடுவது போதாது, ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதாக மறைத்துக்கொண்டு திரும்பவேண்டும். என் பார்வையில் பெரும்பாலானோருக்கு வெளிச்சத்தைவிடப் பெரிய ஆபத்து நித்திரைக் குறைவும், நேர வித்தியாசத்தில் தவறவிட்ட குளிசையும்தான்.

ஆகவே கூடப் போகும் வளர்ந்தவர் ஒருவருக்காவது சொல்லுங்கள். வலிப்பு வந்தால் நேரத்தைப் பார்ப்பது, தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வைப்பது, வலிப்பு நின்றதும் பக்கவாட்டில் திருப்பிக் கிடத்துவது, வாயில் ஒன்றும் வைக்காதிருப்பது, ஐந்து நிமிடம் தாண்டினால் 995 ஐ அழைப்பது. சிங்கப்பூரில் அம்புலன்சுக்கு அந்த இலக்கம். இரும்புச் சாவியைக் கையில் திணிக்கும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கவேண்டும்.

இதே மறைக்கும் பழக்கம் பயணக் காப்புறுதியிலும் தொடர்கிறது. பத்துப் பவுண் குறையும் என்று இருதயத்தில் ஸ்ரென்ட் வைத்ததை எழுதாமல் விடுகிறார்கள். ஐரோப்பாவில் உதவும் என்.எச்.எஸ் அட்டை சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் செல்லாது. சொல்லாத நோய்க்கு காப்புறுதிக் கம்பனி பணம் தராது. பழைய நோய் உள்ளவர்களுக்குக் காப்புறுதி தரும் கம்பனிகளின் பட்டியல் மணிஹெல்ப்பரில் உண்டு, தொலைபேசியிலும் கேட்கலாம்.

முழங்கால் நோவுக்கு கோ-கோடமோல் எடுப்பவர்கள் கவனம். அதில் கோடீன் இருக்கிறது. இங்கே குறைந்த அளவில் பாமசியில் சீட்டில்லாமலே வாங்கும் சாமான், ஆனால் சிங்கப்பூர் கடுமையான நாடு. கடும் நோவு மருந்துகள், நித்திரைக் குளிசைகள் போன்றவற்றுக்கு அங்குள்ள சுகாதார விஞ்ஞான ஆணையத்திடம் முன்கூட்டியே அனுமதி பெறவேண்டியிருக்கலாம். எந்த மருந்து, எவ்வளவு என்று அவர்களின் இணையத்தளத்தில் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கட்டுங்கள். குளிசைகள் மருந்துப் பெட்டியோடு, பெயர் ஒட்டியபடி இருக்கட்டும்.

கடைசியாக என் சொந்தத் தொழில் நலனுக்காக இரண்டு வேண்டுகோள். விமானச் சீட்டு மலிவு என்று தவணை நடுவில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு, சுகமில்லை என்று கடிதம் கேட்டு வராதீர்கள். இங்கிலாந்தில் 2024 ஓகஸ்ட் முதல் அபராதம் ஒரு பிள்ளைக்கு ஒரு பெற்றோருக்கு 80 பவுண், 21 நாளில் கட்டாவிட்டால் 160. அதை எந்த வைத்தியரும் அழித்துத் தர முடியாது. மற்றது, பயணத்துக்கான மேலதிகக் குளிசைகளை இரண்டு கிழமைக்கு முன்பே கேளுங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு, கதவு பூட்டும் நேரத்தில், “டொக்டர், நாளைக்கு பிளைட்” என்று இல்ஃபோர்ட் முழுவதும் வந்து நின்றால், வரவேற்பில் இருக்கும் பிள்ளைதான் முதலில் மயங்கி விழும்.