மூடைக்கு ஆறு

மாரி வெள்ளாமை வெட்டுகிற நேரம். மண்டூரிலிருந்து மச்சான் போன் எடுத்தார். வயலில் நிற்கிறார் என்பது பின்னால் இரைந்த வெட்டு மெஷினிலேயே தெரிந்தது.

"மச்சான், ஒரு கணக்குச் சொல்லுங்க. ஈரம் 20 காட்டுது. 14ல இருக்கணுமாம். அப்ப 6 கூட. அதால மூடைக்கு 6 கிலோ கழிக்கப் போறன் எண்டு யாவாரி சொல்றான். சரிதானே?"

கேட்டவுடன் எனக்கும் சரி போலத்தான் பட்டது. இருபதில் பதினாலு போனால் ஆறு. ஆறுக்கு ஆறு. ஆனாலும் ஏதோ இடறியது. "லொறியில ஏத்தாதீங்க, பத்து நிமிசம் பொறுங்க" என்று சொல்லிவிட்டுப் பேனையைத் தேடினேன்.

இந்த 14 யாவாரி தன் பாட்டில் சொன்ன எண் அல்ல. நெல் சந்தைப்படுத்தும் சபையும் 14 சதவீத ஈரப்பதனைத்தான் கேட்கிறது. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்த விலை (நாட்டரிசி நெல் கிலோ 120 ரூபாய், சம்பா 125, கீரிச்சம்பா 132) அப்படிக் காய்ந்த நெல்லுக்குத்தான். வெட்டு மெஷினிலிருந்து நேரே மூடைக்குப் போகிற நெல் அவ்வளவு காய்ந்திருக்காது. காயப்போட இடமில்லாதவன், மழைக்குப் பயந்தவன், கடனுக்குப் பயந்தவன் எல்லோரும் ஈர நெல்லைத்தான் விற்பார்கள். கழிவு கேட்பதில் பிழையில்லை. எவ்வளவு என்பதுதான் வழக்கு.

மீற்றர் சொல்லும் ஆறு, நூற்றில் ஆறு. யாவாரி சொல்லும் ஆறு, மூடையில் ஆறு. மச்சானின் மூடை 70 கிலோ. எழுபதில் ஆறு போனால் நூற்றுக்கு எட்டரைக்கும் மேலே போகிறது, 8.57.

அப்படியென்றால் நூற்றுக்கு ஆறு கழித்தால் சரியா? அதுவும் இல்லை, இங்கேதான் எனக்கே இடறியது. 20 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லை எடுங்கள். 20 கிலோ தண்ணீர், 80 கிலோ நெல்லின் சொந்த நிறை. வெயிலில் போட்டால் தண்ணீர் போகும், அந்த எண்பது போகாது. காய்ந்து 14க்கு வரும்போது அதே எண்பதுதான் மொத்தத்தில் 86 சதவீதமாக நிற்கும். 80ஐ 0.86ஆல் வகுத்தால் 93.02. ஆக, நூறு கிலோவில் குறைவது ஆறு அல்ல, ஏழுக்குச் சற்றுக் குறைவு. முதல் 20 சதவீதம் ஈர நெல்லில் எடுத்தது, பிறகு வரும் 14 சதவீதம் காய்ந்த நெல்லில் எடுத்தது. இரண்டும் வேறு வேறு முழுமைகளின் பங்குகள், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க உரிமையே கிடையாது.

70 கிலோ மூடைக்கு நியாயமான கழிவு 4.88 கிலோ. நூற்றுக்கு ஆறு என்று பிடித்தால் 4.2 கிலோ, யாவாரிக்கு நட்டம். மூடைக்கு ஆறு என்று பிடித்தால் மச்சானுக்கு மூடைக்கு 1.12 கிலோ நட்டம். சொல் ஒன்றுதான், "ஆறு". அறுபது மூடைக்கு 67 கிலோ. கிலோ 120 என்று வைத்தாலும் 8,000 ரூபாய்.

திருப்பி எடுத்துச் சொன்னேன். களத்தில் ஒரு சத்தம் போட்டு, இரண்டு தரம் மீற்றர் வைத்து, கடைசியில் மூடைக்கு 5 கிலோ என்று முடித்தார்களாம். "மிச்சம் அந்தச் சொட்டு அவனுக்குத் தேத்தண்ணிக்கு" என்றார் மச்சான்.

பின்னம், தசமம், சதவீதம் என்று மூன்றையும் பள்ளிக்கூடத்தில் தனித்தனி அலகாகப் படித்தவர்கள் நாங்கள். 5/8 பெரிதா, 7/12 பெரிதா என்று கேட்டால் பகுதிகளைச் சமப்படுத்தி 15/24, 14/24 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவோம். ஒரே பொருளை அப்படி வெட்டியிருந்தால்தான் அந்த விடை சரி என்று யாரும் சொல்லித் தந்ததாக ஞாபகமில்லை. பெரிய பலாப்பழத்தின் 7/12, சின்னப் பழத்தின் 5/8ஐ விழுங்கிவிடும்.

பெரியம்மாவின் காணிக் கதையும் இதே சாதி. பழைய உறுதியில் ஏக்கர் 2, றூட் 1, பேர்ச்சஸ் 20 என்று இருக்கிறது. புது வரைபடத்தில் ஹெக்டேயர் 0.9611. உறுதியை மடியில் வைத்துக்கொண்டு பெரியம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினா.

"ரெண்டேக்கர் சொச்சம் எண்டு அப்பா எழுதித் தந்த காணி மனே. இப்ப பாரு, சைபர் எண்டு போட்டிருக்கான்."

பேரன் கல்குலேற்றரோடு ஏற்கெனவே உதவிக்கு வந்திருந்தான். அவன் 2-1-20ஐ 2.120 என்று அடித்து, 0.4047ஆல் பெருக்கி, 0.858 என்று காட்டினான். "கூடத்தான் இருக்கு அம்மம்மா, பேசாம இருங்க, அவங்களுக்குத் தெரிஞ்சா வெட்டிருவாங்க." பெரியம்மாவுக்குக் காணி குறைந்துவிட்டது, பேரனுக்குக் கூடிவிட்டது. காணி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

நான்கு றூட் ஒரு ஏக்கர், நாற்பது பேர்ச் ஒரு றூட். ஒரு றூட் என்றால் கால் ஏக்கர், 20 பேர்ச் என்றால் அரைக்கால் ஏக்கர். ஆக இரண்டே காலே அரைக்கால். தசமத்தில் 2.375. ஹெக்டேயரில் சரியாக 0.9611. உறுதியில் இருந்த கோடுகளைத் தசமப் புள்ளியாக வாசித்ததில் பேரன் ஒரு றூட்டுக்கும் கொஞ்சம் கூடுதலான நிலத்தை மடக்கித் தின்றுவிட்டான்.

அதோடு விட்டானா? பக்கத்துக் காணி 0.97. "எங்கட காணிக்கு நாலு இலக்கம், அவங்களுக்கு ரெண்டுதான். எங்கடதான் பெரிசு" என்றான். 0.97க்குப் பின்னால் இரண்டு சைபரைப் போட்டு, 9700ஐயும் 9611ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியபோது முகம் விழுந்துபோயிற்று. வித்தியாசம் மூன்றரைப் பேர்ச்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் மூன்றரைப் பேர்ச்சுக்கு ஒரு தலைமுறை முகம் பார்க்காமல் இருந்திருக்கிறது.

அன்றைக்கு வாடியில் இருந்து யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று பட்டது. ஒரு ஏக்கருக்கு 160 பேர்ச். பழைய தமிழ்ப் பின்னங்களான கீழ்வாய் இலக்கத்தில் 1/160க்குப் பெயர் அரைக்காணி. 1/80 காணி, 1/20 மா, 1/320 முந்திரி. அப்படியானால் ஏக்கரில் ஒரு பேர்ச் அரைக்காணி, இரண்டு பேர்ச் ஒரு காணி, எட்டு பேர்ச் ஒரு மா, அரைப் பேர்ச் ஒரு முந்திரி. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி: 1/20உம் 1/80உம் சேர்ந்தால் 5/80, அதாவது 1/16. அது பத்துப் பேர்ச். வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஏக்கர், எண்சுவடி என்ற பழைய கணக்கு ஏட்டின் வாய்பாட்டுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோலப் பொருந்துகிறது. தற்செயல்தான். 160ம் 320ம் இரண்டையும் ஐந்தையும் மட்டுமே பெருக்கி வருகிற எண்கள். பாதி பாதியாகவும் ஐந்தைந்தாகவும் வெட்டுகிறவன் எந்த நாட்டில் இருந்தாலும் அங்கேதான் வந்து நிற்பான்.

இதே காரணத்தால் அந்தப் பின்னங்கள் எல்லாம் தசமத்தில் ஒழுங்காக முடியும். மா 0.05, காணி 0.0125, முந்திரி 0.003125. சதவீதத்தில் மா என்றால் 5, காணி என்றால் ஒன்றேகால். முரண்டு பிடிப்பது மூன்று. முந்திரி வரைக்கும் உள்ள வாய்பாட்டில் மூன்றிலொன்றுக்கு இடமே இல்லை. இன்னும் கீழே, 1,075,200இல் ஒரு பங்கான இம்மிக்கு இறங்கினால் கிடைக்கும். மூன்று பிள்ளைக்கு ஒரு நிலத்தைப் பிரிக்க, ஆளுக்கு 358,400 இம்மி என்று எண்ணிக் கொடுக்க வேண்டும். 33.33 சதவீதம் என்று எழுதி ஒரு பொட்டை அநாதையாக விடுவதைவிட அது மேல்.

மூன்றோடு மல்லுக்கட்டிய வேறொரு கணக்கைக் காத்தான்குடி நண்பர் ஒருவர் தேத்தண்ணிக் கடையில் வைத்துச் சொன்னார். இஸ்லாமிய வாரிசுரிமையில் ஒருவர் மனைவி, இரண்டு பெண்மக்கள், தாய், தகப்பன் ஆகியோரை விட்டு இறந்தால் மனைவிக்கு 1/8, பெண்மக்கள் இருவருக்கும் சேர்த்து 2/3, தாய்க்கு 1/6, தகப்பனுக்கு 1/6. இருபத்துநாலில் கூட்டிப் பாருங்கள்: 3, 16, 4, 4. மொத்தம் 27. சொத்து ஒன்றுதான், பங்கு ஒன்றுக்கு மேலே போய்விட்டது. மிம்பர் என்னும் பிரசங்க மேடையில் நின்றுகொண்டிருந்த கலீபா அலீ அவர்களிடம் இந்தக் கேள்வி வந்தபோது, பேச்சை நிறுத்தாமலே மனைவியின் எட்டிலொன்று ஒன்பதிலொன்றாகிவிட்டது என்று தீர்ப்புச் சொன்னதாக மரபு. மேலே உள்ள எண்களை அப்படியே வைத்து, கீழே உள்ள 24ஐ 27 ஆக்கிவிட்டார். 3/27 என்றால் 1/9. ஒவ்வொருவருக்கும் தன் பங்கில் ஒன்பதிலொன்று குறைகிறது, ஒருவருக்கும் அதைவிடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முழுமையை மாற்றினால் எல்லாப் பங்கும் ஒரே விகிதத்தில் நகரும். இதைவிட எளிதாக எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மனைவியின் பங்கு 12.5இலிருந்து 11.11க்கு இறங்கியது. "ஒன்றரைகூட இல்லையே" என்று ஒருவர் சொல்லலாம், "நூற்றுக்குப் பதினொன்று போயிற்றே" என்று இன்னொருவர் சொல்லலாம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. 2024 ஜனவரியில் வற் வரி 15இலிருந்து 18 ஆனபோதும் இதே கூத்துத்தான். மூன்றுதான் கூடியது என்றவர்கள் சதவீதப் புள்ளியைச் சொன்னார்கள், வரி ஐந்திலொரு பங்கு கூடியது என்றவர்கள் பழைய வரியை அடியாக வைத்தார்கள். நான் கடைக்காரரிடம் எதையும் சொல்லாமல் காசைக் கொடுத்தேன்.

இதே பின்னக் கணக்கு இசைக்குள்ளும் உண்டு. கல்லடி உப்போடையால் போகும்போதெல்லாம் விபுலாநந்த அடிகள் அடங்கியிருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டு போவேன். 1892இல் காரைதீவில் பிறந்தவர், விஞ்ஞானப் பட்டதாரி, துறவி, பேராசிரியர். 1947இல், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், அவருடைய யாழ்நூல் அரங்கேறியது. தமிழிசை நூல் என்று எடுத்தவர்கள் உள்ளே கணக்கைக் கண்டு மூடிவைத்த கதைகள் உண்டு. நரம்பின் நீளத்தையும் சுருதியின் விகிதத்தையும் கணக்குப் போட்டுத்தான் அவர் மறைந்த யாழை மீட்கப் பார்த்தார்.

அதற்குள் போக சங்கீதம் வேண்டியதில்லை. நரம்பை மூன்றில் இரண்டு பங்கில் அழுத்தி மீட்டினால் ஸட்ஜம் பஞ்சமமாகும், சுருதி 3/2 மடங்கு. அப்படி நாலு தரம் ஏறி, இரண்டு ஸ்தாயி கீழே இறக்கினால் ஒரு காந்தாரம் வரும்: 81/64. நேரே, காதுக்கு இனிமையாக ஒட்டுகிற காந்தாரம் இன்னொன்று இருக்கிறது: 5/4. எது பெரிது? பகுதியைச் சமப்படுத்துங்கள். 5/4 என்றால் 80/64. மற்றது 81/64. தசமத்தில் 1.25உம் 1.265625உம். இரண்டுக்கும் இடையிலுள்ள விகிதம் 81/80. இசைக்காரர்கள் இந்த இடைவெளியைப் பிரமாண சுருதி என்பார்கள். எண்சுவடியைக் கையில் வைத்திருந்தவன் வேறு மாதிரிச் சொல்வான்: ஒன்றே காணி. நூற்றுக்கு ஒன்றேகால் கூட. (காந்தாரத்தின் 1.25ஐயும் இந்த ஒன்றேகாலையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். முன்னது ஸட்ஜத்தில் எடுத்தது, பின்னது அந்தக் காந்தாரத்திலேயே எடுத்தது.)

எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை பின்னேரங்களில் வயலின் பழகுகிறது. காந்தாரம் கொஞ்சம் ஏறி நிற்கிறதென்று ஆசிரியை திரும்பத் திரும்ப நிறுத்துகிறா. அந்த ஏற்றம் ஒரு காணி அளவு இருக்கும். மச்சான் தேத்தண்ணிக்கென்று விட்டுக்கொடுத்ததை 4.88இல் வைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட இரண்டு காணி.